ஙப்பிக்காரியை நாகத்தில் ஏற்றுவது எப்படி

பர்மாவில், மோல்மேன் ஊரில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. பாடம் ஒரு மணி நேரம், கதை இருபது நிமிடம். கதை இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மூன்று வருடமாக ஒரே தொடர்கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கோட்டைகளுக்குள் சண்டை, வானத்தில் பறக்கும் நாகங்கள், அதில் ஒன்றின் முதுகில் ஙப்பி, அதாவது புளிக்கவைத்த மீன் விழுது, விற்கிற ஒரு பெண். வேறு ஊர்களில் வகுப்பு எடுக்கும் இரண்டு மூன்று பேர் இதை எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். வாயால் சொல்கிறவர்களுக்கும் ஆகும், உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கும் ஆகும்.

முதலில் பிராணியின் பெயர். டிராகன் என்றால் பிள்ளைகளுக்குப் புரியும், போனில் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் நான் நாகம் என்றே சொல்கிறேன். இந்த நாட்டில் சனிக்கிழமை பிறந்தவர்களுக்கு நாகம்தான் அடையாளம். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவில் தென்மேற்கு மூலைக்குப் போனால் சனிக்கிழமைக்காரர்கள் நாகத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நம் கோயில்களிலோ சாமியே நாக வாகனத்தில் எழுந்தருளுகிறார். இரண்டு பக்கத்து வீட்டிலும் இருக்கிற பிராணியை விட்டுவிட்டு வெளியூரிலிருந்து எதற்கு ஒன்றை வரவழைக்க வேண்டும்? சிறகு மட்டும் நான் தைத்துக்கொண்டேன்.

அடுத்து, செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அதைத்தான் முதலில் செய்தேன்.

முதல் கதையில் நாகம் ஏறியவன் ஒரு ஓடக்காரன் மகன். யாருக்கும் அடங்காத நாகம் அவன் கை பட்டதும் தலை குனிந்தது. நாலு வாரம் கழித்து அவன் கழுத்தில் தொங்கிய மோதிரம் அரச மோதிரம் என்று தெரிந்தது. தொலைந்துபோன இளவரசன்! பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. பத்து வயது இருக்கும், அப்பா சந்தை வாசலில் சைக்கா ஓட்டுகிறார். பக்கத்தில் முதுகுக்கு முதுகாக இரண்டு பேர் உட்காரும் இந்த ஊர் சைக்கிள் வண்டிதான் சைக்கா. அவள் கேட்டாள்: "அப்போ சைக்காக்காரர் மகள்னா நாகம் வராதா, சயாமா?"

இங்கே டீச்சரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். சயாமாவிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மணியை அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த மோதிரத்தைத் தட்டான் உரசிப் பார்த்தான், பித்தளை என்று சொல்லிவிட்டான். அதோடு அந்த இளவரசன் கதை முடிந்தது.

ஆகவே முதல் விதி: உங்கள் ஆளுக்கு ரகசிய ராஜரத்தம் ஏற்றாதீர்கள். ஏழை ஜெயித்துவிட்டால் உடனே அவனுக்கு ஒரு அரச பரம்பரையைத் தேடிக் கண்டுபிடிப்பது பழைய வழக்கம். 1752இல் மோக்சோபோ கிராமத் தலைவர் அவுங் செயா தனி அரசு தொடங்கினார், அலவுங்பயா என்று பட்டம் சூட்டிக்கொண்டார், அவர் வம்சம் 1885 வரை ஆண்டது. அவரையும் பழைய பகான் அரச மரபோடு முடிச்சுப் போட்டுத்தான் எழுதி வைத்தார்கள். அரண்மனைப் புலவர் அப்படிச் செய்தால் அது அவர் பிழைப்பு. உங்களுக்கும் எனக்கும் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? நாம் எதற்கு முடிச்சுப் போட வேண்டும்?

ரத்தம் இல்லையென்றால் நாகம் எதற்கு அவளிடம் வரும் என்று கேட்பீர்கள். தொழிலால் வரும். உங்கள் ஆளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் தொழிலைக் கொடுங்கள். கை அறிந்த தொழிலாக இருக்க வேண்டும். 'ஏழை விவசாயி' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. என்ன பயிர், யார் நிலம், கையில் என்ன நாற்றம், எந்த மாதம் வேலை இல்லை, இவ்வளவும் தெரிந்தால்தான் கதை நகரும்.

நான் ஙப்பியை எடுத்தேன். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பொடி மீனையோ சின்ன இறாலையோ உப்பில் புரட்டிப் பாயில் பரப்பிக் காய வைத்து, உரலில் இடித்து, பானையில் அடைத்துப் புளிக்க விடுவது. காகம் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். பாய்க்குக் காவலாக ஒரு பிள்ளை நீளக் கம்போடு உட்கார்ந்திருக்கும். காய்ந்து வரும்போது அந்த வாசனை தலைமுடியில் ஏறிவிடும், சீயக்காய் போட்டாலும் போகாது. படகில் ஙப்பிக்காரி ஏறினால் பட்டுக் கட்டியவர்கள் அடுத்த பலகைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டில் அது இல்லாமல் அவர்களுக்கு இறங்காது.

என் பொன்னி அந்தக் கம்பு பிடித்த பிள்ளை. ஒரு ராத்திரி பாயில் பாதி மீன் காணவில்லை. மறுநாளும் காணவில்லை. மூன்றாம் நாள் மணலில் தடம், முறம் அகலத்துக்கு. அம்மா அடிக்கிறாள், நீதான் தூங்கிவிட்டாய் என்று. நாலாம் நாள் பொன்னி தூங்கவில்லை.

பார்த்தீர்களா, இதில் மந்திரமே இல்லை. அரண்மனையில் வேதம் ஓதி, பொற்சங்கிலி போட்டு, ஆட்டுக்கறி காட்டி, ஒரு வருடமாக அடக்க முடியாத நாகம், கடலோரத்தில் திருட்டு மீனுக்கு வந்து பழகிவிட்டது. யாரும் பக்கத்தில் உட்காராத பெண்ணின் தலைமுடி வாசனைதான் அதைப் படியவைத்தது. எந்தத் தொழிலை எடுத்தாலும் இப்படி ஒரு இடம் தேடுங்கள்: ஊர் எதற்காக அவளை ஒதுக்குகிறதோ, அதற்காகவே பிராணி அவளிடம் வர வேண்டும். இது ஒன்று அமைந்துவிட்டால் ஆறு மாதத்துக்குக் கதை தானாக ஓடும்.

பழக்குவது எப்படி என்பதை நான் யானையிடமிருந்து எடுத்தேன். என் சித்தப்பா மரம் வெட்டும் முகாமில் சமையல்காரராக இருந்தார். பள்ளி விடுமுறைக்கு என்னையும் கூட்டிப் போவார். யானைப்பாகனுக்குப் பர்மிய மொழியில் ஊஸி என்று பெயர். வகுப்பில் இதைச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் கையைப் பொத்திக்கொண்டு "ஊசி வேண்டாம் சயாமா" என்று கத்தினார்கள், அது வேறு கதை. அங்கே யானையை ராத்திரி கட்டிப் போடமாட்டார்கள். முன்னங்கால் இரண்டுக்கும் விலங்குச் சங்கிலி மாட்டிக் காட்டுக்குள் மேய விட்டுவிடுவார்கள். கழுத்தில் ஒரு மரமணி. தேக்குக் கட்டையைக் குடைந்து, நாக்கு இரண்டையும் உள்ளே வைக்காமல் வெளியே இரண்டு பக்கமும் தொங்கவிட்ட மணி. அவரவர் யானைக்கு அவரவரே செதுக்குவார்கள், அதனால் ஒன்றின் சத்தம் போல இன்னொன்று இருக்காது. விடிகாலையில் பனி மூட்டத்தில் பாகன் எழுந்து நின்று காது கொடுப்பார். எங்கள் காதுக்கு நாலு திசையிலும் டொக் டொக். அவருக்கு அதில் ஒன்று மட்டும் கேட்கும். சங்கிலி இழுபட்ட தடத்தையும் சாணத்தையும் பார்த்துக்கொண்டு போவார். கிட்டே நெருங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போவார், திடீரென்று பார்த்து அது மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக. எவ்வளவு தூரம் நடந்திருப்பார், எத்தனை ஓடை தாண்டியிருப்பார். மரம் இழுக்கிற வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

இந்தக் காட்சியை அப்படியே தூக்கிப் பொன்னிக்கு வைத்தேன். அவள் மணிக்குப் பதில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கூழாங்கல் போட்டுக் கட்டுகிறாள். அரண்மனைக்காரர்கள் நாகத்தை வரச் சொல்கிறார்கள். பொன்னி நாகம் இருக்கிற இடத்துக்குப் போகிறாள், பாடிக்கொண்டு. இந்த ஒரு வித்தியாசத்தை நான் விளக்கவே இல்லை. பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ஒரு வாரத்தில் ஏற்றிவிடாதீர்கள். பொன்னி முதுகில் ஏற எனக்குப் பதினோரு ஞாயிறு ஆனது. முதல் தடவை ஏறினதும் விழுந்தாள், நல்ல வேளை சேற்றில். இரண்டாவது தடவை நாகம் அவளைச் சட்டை செய்யவே இல்லை, முதுகில் ஒரு காகம் உட்கார்ந்த மாதிரி தூங்கிவிட்டது.

இனி தீனிக் கணக்கு. இதை விட்டுவிட்டால் எந்த நாகக் கதையும் பொம்மைக் கதைதான். வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு 150 கிலோ அளவுக்குப் பச்சை தின்னும். அது புல்லும் மூங்கிலும், காட்டில் சும்மா கிடைக்கும். நாகம் கறி தின்கிறது, யார் கொடுப்பது? இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். உங்கள் நாகத்துக்கு ரத்தம் சூடா, குளிர்ச்சியா? சூடு என்றால் புலியைப் போல அடிக்கடி தின்னும், எந்நேரமும் பறக்கும், ஒரு ஊரின் ஆடு மாடு மொத்தமும் போய்விடும். குளிர்ச்சி என்றால் மலைப்பாம்பு மாதிரி ஒரு தடவை விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும், ஆனால் காலையில் முதலை போல வெயில் காயாமல் அசையாது. நான் குளிர்ச்சியை எடுத்தேன். அதனால் என் கதையில் விடியற்காலைத் தாக்குதல் கிடையாது. வெயில் ஏறும்வரை நாகம் பாறை மேல் படுத்திருக்கும், எதிரி வருவது கண்ணுக்குத் தெரியும், பொன்னி அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டு "எழுந்திரு கருப்பா, எழுந்திரு" என்று கெஞ்சுவாள். பிள்ளைகள் நகம் கடிப்பது அந்த இடத்தில்தான். அரண்மனை அதற்கு வைத்த பெயர் மேகவர்ண மகாநாகராஜன். கருப்பன் என்பது அவள் வைத்தது. எதற்குத் திரும்பிப் பார்க்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

மழைக்காலத்திலோ இன்னும் கஷ்டம். எங்கள் ஊரில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சூரியனைப் பல நாள் பார்க்கவே முடியாது. குளிர்ந்த ரத்த நாகம் என்ன செய்யும்? ஆலைக் கொட்டகையில் நெல் அவிக்கிற அடுப்புப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும். யுத்தம் நின்றுவிடும். நிஜ யுத்தமும் அப்படித்தான் நின்றது. 1824 மே மாதம் வெள்ளைக்காரன் படை ரங்கூனில் இறங்கியது. அதில் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள் நிறைய, நம் ஊர்க்காரர்கள். வந்து பார்த்தால் நகரம் காலி. ஆள் இல்லை, மாடு இல்லை, அரிசி இல்லை. கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொண்டது. 1826இல் அந்தச் சண்டை முடிந்தபோது வந்த சுமார் 40,000 பேரில் 15,000 பேர் செத்திருந்தார்கள், பெரும்பாலும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். பறக்கிற நாகத்தை விடக் கெட்ட அரிசியும் சேறும்தான் கொல்லும் என்று உங்கள் கதையிலும் ஒரு இடத்தில் காட்டிவிடுங்கள்.

தீனியை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன் அல்லவா, அங்கேதான் ஏழையைக் கட்டிப்போடும் கயிறு இருக்கிறது. என் கதையில் கீழ்க்கோட்டைப் பண்டகசாலைக் கணக்கர் ஆடு கொடுக்கிறார். இலவசமாக இல்லை. ஒவ்வொரு ஆடும் பொன்னி பேரில் கடன். மாதம் முடிந்ததும் வட்டி. ஆறு மாதத்தில் நாகமே அடமானம். இதைக் கற்பனை செய்ய நான் சிரமப்படவில்லை. 1930இல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 25 பங்கு. யாரும் வாளெடுத்துப் பிடுங்கவில்லை, கணக்குப் புத்தகம்தான் பிடுங்கியது. கடன் கொடுத்தது நம்மவர்கள், நிலம் இழந்தது பர்மியக் குடியானவர்கள். வகுப்பில் பர்மியப் பாட்டி உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் கணக்கருக்கு நான் ஊரும் சாதியும் வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடி மட்டும் வைத்தேன்.

சண்டைக்குக் காரணம் பெரிதாக வேண்டாம். பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் போர் என்ற சொல்லை நான் விளக்கவில்லை. இந்த நாட்டில் அதை விளக்க வேண்டிய தேவையும் இல்லை. பாகப்பிரிவினை என்றேன், உடனே புரிந்துவிட்டது. அண்ணன் செத்தார், மகன் கோட்டையில் உட்கார்ந்தான், சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இது இங்கே நடந்த சங்கதிதான். பெகுவில் ராஜாதரித் 1384இல் பட்டத்துக்கு வந்தபோது மியாங்மியாவை ஆண்ட சித்தப்பா முறைக்காரர் லௌக்பியா அவரை ஏற்கவில்லை. ஆவா அரசனுக்கு ஓலை அனுப்பினார், வந்து பெகுவைப் பிடித்துக்கொள், நான் உனக்கு அடங்கி இருக்கிறேன் என்று. 1385இல் ஆரம்பித்த சண்டை விட்டு விட்டு 1424 வரை போனது. ஒரே ஒரு ஓலை. சித்தப்பாவைக் கெட்டவராகக் காட்டிவிடாதீர்கள். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தால்தான் பொன்னிக்கு எந்தப் பக்கம் போவது என்று திண்டாட்டம் வரும்.

ஓலை என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் ஆளுக்குப் படிக்கத் தெரியுமா? பழைய பர்மாவில் பையன்கள் மடத்தில் சேர்ந்து எழுத்துப் படித்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழி குறைவு. பொன்னிக்குத் தெரியாது. அதனால் ஒரு குட்டிச் சாமியாரைக் கூடச் சேர்த்தேன், கொயின் என்போம் இங்கே, ஒன்பது வயது, மொட்டைத் தலை, எப்போதும் பசி. மத்தியானத்துக்கு மேல் அவன் சாப்பிடக் கூடாது, ஆகவே ஓலையைக் காலையிலேயே கொண்டுவந்தால்தான் ஒழுங்காகப் படிப்பான். சாயங்காலம் வந்த ஓலையைக் கோபத்தில் பாதிதான் படிப்பான். இதை வைத்து ஒரு கோட்டையே போயிற்று என் கதையில்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏறுவது கதையில் பாதிதான். இறங்கின பிறகு அவளை எங்கே உட்கார வைக்கிறார்கள்? முதல் வெற்றிக்குப் பிறகு கோட்டையில் விருந்து. பொன்னிக்கு இலை போடுகிறார்கள், ஆனால் திண்ணையில். உள்ளே கூடத்தில் வேறு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் நாகம் ஏறுகிறவர்கள்தான். அவர்களை எல்லாரும் நாகவாகனர் என்று கூப்பிடுகிறார்கள். பொன்னியைப் பாகன் என்கிறார்கள். ஒரே வேலை, ஒரே வானம், பெயர் இரண்டு. இதைச் சொல்லிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். சாமி வாகனத்தில் வருகிறார், தூக்குகிறவர்களை யார் பார்க்கிறார்கள் என்று மண்டபத்துக் கடைசியில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் தானாகச் சொன்னார். அவர் முப்பது வருடம் தோள் கொடுத்தவர்.

இந்த இடத்தில் தமிழ் உங்களுக்கு ஒரு கருவி கொடுக்கிறது, அதை வீணாக்காதீர்கள். நீ, நீர், நீங்கள். யுத்தம் எப்படிப் போகிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், மந்திரி பொன்னியை எப்படிக் கூப்பிடுகிறார் என்று மட்டும் காட்டுங்கள். முதலில் "ஏய் ஙப்பி". நாகம் பழகிவிட்டது என்று தெரிந்ததும் "ஏ பொண்ணு, இங்கே வா". ஒரு நாகவாகனர் ஆற்றில் விழுந்து செத்த வாரம் "பொன்னி, சாப்பிட்டியா?" இரண்டாமவர் விழுந்ததும் "பொன்னியம்மா, வாங்க, நேற்று நல்லாத் தூங்கினீங்களா?" சமாதானப் பேச்சு தொடங்கின அன்று மறுபடியும் "ஏய்". இதை நான் குரலில் செய்து காட்டியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி "ஏய்" வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சைக்காக்காரர் மகள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவர் வண்டியில ஏறட்டும், அப்போ தெரியும்" என்றாள்.

பலம் உள்ள ஏழையை ராஜாக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இந்த ஊர் வீடு ஒவ்வொன்றிலும் சாட்சி தொங்குகிறது. பர்மிய வீட்டில் தூணில் ஒரு தேங்காய் தொங்கும், சிவப்புத் துணி கட்டி. அது மின் மகாகிரி என்கிற நாட் ஒருவருக்கு. நாட் என்றால் காவல் தெய்வம். அவர் ஒரு கொல்லர், தகவுங் என்ற பழைய ஊரில் இருந்தவர். அவர் பலத்தைக் கண்டு பயந்த ராஜா, அவர் தங்கையை ராணியாக்கிக்கொண்டு, மைத்துனா வா என்று அழைத்து, சம்பக மரத்தில் கட்டி எரித்துவிட்டான் என்பது கதை. தங்கையும் தீயில் பாய்ந்தாள். நம் மதுரை வீரன் கதையும் இதற்கு ரொம்பத் தூரம் இல்லை: சேவை செய்தான், மாறுகால் மாறுகை வாங்கினார்கள், பிறகு கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். இந்த வழியில் போனால் முடிவு தயாராகக் கிடைக்கும், அழுகையும் வரும். ஆனால் நான் போகமாட்டேன். செத்துத் தெய்வமாகிற ஏழைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். பொன்னி கிழவியாகிப் பல் விழுந்து ஙப்பி இடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் எப்படி முடித்தாலும், விருந்துக்கு அன்பாக அழைப்பு வருகிற காட்சி ஒன்றை வையுங்கள். மின் மகாகிரி கதை தெரிந்த பிள்ளைகள் "போகாதே அக்கா!" என்று கத்துவார்கள். என் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான்.

அப்புறம், மேலிருந்து மட்டும் கதை சொல்லாதீர்கள். கீழே இருக்கிறவன் நாகத்தை எப்படிப் பார்க்கிறான்? 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் முதல் முதலாக ரங்கூனில் குண்டு போட்டான். விமானம் வருகிறதென்று ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அதனாலேயே நிறையப் பேர் செத்தார்கள். என் கதையில் நாகம் முதல் தடவை ஊர் மேல் வரும்போது எல்லாரும் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். இரண்டாம் தடவை தெருவில் ஒரு ஆள் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவர்கள் பன்னிரண்டு வயதுக்குக் கீழே.

அதே குண்டு வீச்சில் இன்னொன்றும் நடந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தியக் கூலிகள் ஊரை விட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். கப்பல் வந்து நிற்கிறது, இறக்க ஆள் இல்லை. அதிகாரிகள் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசித் திரும்பக் கூட்டி வரப் பார்த்தார்கள். அதுவரை அந்தக் கூலிகளின் முகத்தை யார் பார்த்தார்கள்? இதை நான் போன மழைக்காலத்தில் கதைக்குள் கொண்டுவந்தேன். பொன்னி சண்டையிலிருந்து போய்விடவில்லை, எதிர்ப் பக்கம் சேரவும் இல்லை. ஒரு நாள் காலை நாகத்தை எழுப்பவில்லை, அவ்வளவுதான். அடுப்பு மூட்டிவிட்டு ஙப்பி இடிக்க உட்கார்ந்துவிட்டாள். அரண்மனை குதிரைக்காரனை அனுப்பியது. பிறகு மந்திரியை அனுப்பியது. மந்திரி உரல் பக்கத்தில் நின்றுகொண்டு மூக்கைப் பொத்தலாமா கூடாதா என்று தவித்த காட்சிக்கு ஒரு முழு ஞாயிறு போனது. கெட்டியான காட்சி கிடைத்தால் அவசரப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். போர்க்களக் காட்சியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம், அதை எல்லாரும் போனில் பார்த்துவிட்டார்கள்.

சொல்கிற விதத்தில் சின்னச் சின்ன விஷயம் சில. நாகத்துக்குக் குரல் கொடுக்காதீர்கள், மூச்சு மட்டும் போதும். நான் சொளகில் அரிசி புடைக்கிற சத்தத்தைச் செய்கிறேன். பிள்ளைகள் நடுவில் பர்மியச் சொல் போட்டுக் கேட்டால் திருத்த வேண்டாம், நீங்கள் தமிழில் பதில் சொன்னால் போதும், அடுத்த வாரம் அவர்கள் வாயிலேயே தமிழ்ச் சொல் வரும். முறம், உரல், அடமானம், வட்டி, திண்ணை, இந்த ஐந்தையும் நான் பாடமாக நடத்தவே இல்லை. கதையை நிறுத்துகிற இடம் ஆபத்தான இடமாக இருக்க வேண்டியதில்லை. யாராவது ஏதாவது முடிவு செய்ய வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

போன ஞாயிறு அப்படித்தான் நிறுத்தினேன். ஒரே நாளில் இரண்டு கோட்டையிலிருந்தும் ஓலை வந்தது. இரண்டும் சாயங்காலம் வந்ததால் கொயினுக்குப் படிக்க மனசில்லை. பொன்னி என்ன செய்வாள் என்று கேட்டேன். பையன்கள் பாதிப் பேர் அண்ணன் மகன் பக்கம், பாதிப் பேர் சித்தப்பா பக்கம், ஒரே கூச்சல். சைக்காக்காரர் மகள் கையைத் தூக்கினாள். ஙப்பிப் பானை இரண்டு மூடியில்லாமல் இருக்கிறதே சயாமா, எறும்பு ஏறும் என்றாள்.

அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.